எதிர்ப்பு எழிலரசி

பாகலூர்
8-9-2024

மேகலாவுக்கு,

போனில் பேசினால் நான் மேடை போட்டுவிடுகிறேன், உனக்கு நடுவில் வாய் திறக்க இடமே கிடைப்பதில்லை, இனி எதுவானாலும் எழுதிப் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். இதிலும் நான்தான் முதலில் பேசுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

போன வாரம் கம்பெனி கேட்டில் நோட்டீஸ் கொடுக்கப் போனேன். சங்கத்தின் கோரிக்கை உனக்குத் தெரிந்ததுதான். லேடீஸ் பஸ் தளியோடு நின்றுவிடுகிறது. ஜவளகிரிப் பக்கத்துப் பெண்கள் அங்கே இறங்கி, ஷேர் ஆட்டோ கிடைத்தால் ஆட்டோ, இல்லாவிட்டால் காட்டோரமாக நடை. ராகி முற்றினால் யானை இறங்கிவிடும். அதற்குள் பஸ் ஜவளகிரி வரை போக வேண்டும். இதைத்தான் வழக்கம்போல் தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை சொல்ல ஆரம்பித்தேன். கன்னடத்துக்கு வருவதற்குள் முன்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒருத்தி, "ஐயோ, அப்படியே எழிலரசி!" என்கிறாள். யாரோ எழிலரசி என்று வந்திருக்கிறாள் போல என்று நான் திரும்பிப் பார்த்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

அப்புறம்தான் விவரம் சொன்னார்கள். கேண்டீன் டிவியில் இப்போதெல்லாம் சாப்பாட்டு நேரத்துக்கு நியூஸ் கிடையாதாம். உன் காமெடி சீரியல்தானாம். நீ நடிக்கப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, நான் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. நேரம் எங்கே இருக்கிறது, உனக்கே தெரியும். அன்றைக்கு பஷீர் பாய் டீக்கடையில் உட்கார்ந்து அவர் போனில் பார்த்தேன்.

எதிர்ப்பு எழிலரசி. கைத்தறிச் சேலை, ரூபாய் அகலத்துக்குப் பொட்டு, ஜோல்னாப் பை. அபார்ட்மெண்டில் லிப்ட் ஓடவில்லை என்றால் உண்ணாவிரதம். பக்கத்து வீட்டுப் பூனைகூட அவளுக்குத் தோழர். "ஒரு நிமிஷம் தோழர்களே, ஒரே நிமிஷம்" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசுகிறாள். எதிரில் இருப்பவர்கள் எல்லாம் தமிழர்கள், அவளோ மூன்று பாஷையில் பேசுகிறாள். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுப் பைக்குள் தேடுகிறாள். பஷீர் பாய் என்னைப் பார்த்தார். அப்போது என் கண்ணாடி என் நெற்றியில்தான் இருந்தது.

அந்த உண்ணாவிரதக் கட்டத்தில் பைக்குள் கையை விட்டுத் திருட்டுத்தனமாக பஜ்ஜி தின்கிறாளே, நான் எப்போது மேகலா உண்ணாவிரதத்தில் பஜ்ஜி தின்றேன்? வீட்டுக்குள் இருந்த என்னை எடுத்துக்கொண்டு போய் ஊர் சிரிக்க வைத்துவிட்டாய். எனக்கு என்ன மானம், போகட்டும். நான் பேச ஆரம்பித்தாலே சிரிப்பு என்றால் பஸ்ஸை யார் கேட்பார்கள்?

தை வரைக்கும்தான் ஒப்பந்தம் என்று சொன்னாய். அதுவரை அந்தக் கண்ணாடியையாவது விட்டுவிடு.

வீட்டுக் கொய்யா நிறையக் காய்த்திருக்கிறது. நான் ஒருவன் எவ்வளவு தின்பது.

திம்மப்பன்


சாலிகிராமம், சென்னை
17-9-2024

ஏங்க,

கடுதாசி வந்துச்சு. கோரிக்கை ஒண்ணு, கண்டனம் ஒண்ணு, கடைசியில போனாப் போவுதுன்னு ஒரு கொய்யாக்கா. உங்க கையெழுத்து இல்லாட்டியும் யார் போட்டதுன்னு கண்டுபிடிச்சிருப்பேன்.

ஒன்றரை வருஷமா டிவியில வரேன். எங்கம்மா பாக்குது, கிருஷ்ணகிரியில எங்க தெருவே பாக்குது. பாக்காத ஒரே ஆளு நீங்க. உங்களை யாரோ கிண்டல் பண்ணாங்கன்னு தெரிஞ்சப்பறம்தான் பாய் கடையில போய் உக்காந்தீங்க. அதுவும் நான் எப்படி நடிச்சேன்னு பாக்கல, உங்களை எப்படிக் காட்டியிருக்கேன்னு பாத்தீங்க. நல்லா நடிச்சிருக்க மேகலான்னு ஒரு வரி எழுதுனா கை சுளுக்கிக்குமா?

பஜ்ஜி அவங்க எழுதினது. ஆனா சூளகிரி உண்ணாவிரதத்துல நீங்க கடலை மிட்டாய் தின்னீங்க. மறந்துட்டீங்க. பந்தலுக்குப் பின்னால வெச்சுக் குடுத்தவளே நான்தான். அதை நான் எந்த ரைட்டர்கிட்டயும் சொல்லல, பயப்படாதீங்க.

இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. முதல் நாள் என் கையில குடுத்த பேப்பர்ல எழிலரசி எப்படி இருந்தா தெரியுமா? எல்லாரையும் கடிச்சு வெக்கற பொம்பளை. சிரிக்க மாட்டா, யாரையும் பிடிக்காது, எதுக்குப் போராடறான்னு அவளுக்கே தெரியாது. எழுதற பசங்க நல்ல பசங்கதான். ஆனா ஒருத்தனும் ஒரு போராட்டத்தைக் கிட்டப் போய் பாத்ததில்ல. டிவியில வர்ற போராளி எப்படி இருப்பாளோ அதைப் பாத்து டிவிக்கு எழுதறாங்க. டைரக்டர் "கத்துங்கம்மா, மூஞ்சியைச் சுளிங்கம்மா"ன்னாரு. எனக்கு வரல. கண்ணை மூடுனேன். நீங்க வந்து நின்னீங்க, நெத்தியில கண்ணாடியோட பாக்கெட்டைத் தட்டித் தேடிக்கினு. அதையே பண்ணேன். செட்டே உருண்டு சிரிச்சுது. அன்னிலேர்ந்து எழிலரசியை யாரும் வெறுக்கறதில்ல. அவ ஏமாந்தா அய்யோ பாவம்னு லெட்டர் போடறாங்க. நான் உங்களை உள்ள வெக்காம விட்டிருந்தா அவ வெறும் சூனியக்காரியாத்தான் இருந்திருப்பா.

நான் உங்களைக் கேலி பண்றேன்னு நினைக்கறீங்க. உங்களைத் தேடறேன்னு தோணல இல்ல? லேடீஸ் ஹாஸ்டல்ல நாலு பேர் ரூம், நாலு பேரும் போனைப் பாத்துக்கினு கெடக்கறோம். காலையில மேக்கப் போட்டு அந்தக் கண்ணாடியை நெத்தியில ஏத்தினா கொஞ்ச நேரம் நம்ம வீட்டுல இருக்கற மாதிரி இருக்கு. அதை விடச் சொல்றீங்க. விட மாட்டேன்.

எனக்கு நடிப்புக் கத்துக்குடுத்ததே உங்க வீதி நாடகம்தானே. நீங்க நாலு பக்கத்துக்கு வசனம் எழுதுவீங்க, நான் நாலு வரி பேசிட்டு மீதியை மூஞ்சியில காட்டிடுவேன். சென்னையில கூப்பிடறாங்கன்னு நான் வந்து சொன்ன அன்னிக்கு நீங்க நம்ம ஜெராக்ஸ் கடையில நோட்டீஸ் ஓட்டிக்கினு இருந்தீங்க. தலையைத் தூக்காம "போயிட்டு வா, உன் விருப்பம்"ன்னீங்க. போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சண்டை போட்டுட்டாவது போயிருப்பேன். சண்டைகூட இல்லாம வந்தது இன்னும் உறுத்திக்கினே இருக்கு.

ரெண்டாவது சீசன் எடுக்கறாங்க. பொங்கலுக்குள்ள கையெழுத்துக் கேக்கறாங்க. போட்டா இன்னும் ஒன்றரை வருஷம். போடட்டுமா, வேணாமா? நீங்க வாயைத் திறந்து சொல்லணும்.

மேகலா

கொய்யாவை அணில் தின்னட்டும்.


பாகலூர்
3-10-2024

மேகலா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கடையில் வேலையே ஓடவில்லை. வந்தவர்களுக்கு ஆதார் அட்டையைத் தலைகீழாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். நல்லா நடித்திருக்கிறாய். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஒரு சேதி சொன்னால் சந்தோஷப்படுவாய். போன வெள்ளிக்கிழமை கேட்டில் நின்றேன். வழக்கம்போல் சிரிப்பு. சரி, சிரிக்கத்தானே செய்கிறார்கள், கல்லா எறிகிறார்கள் என்று கண்ணாடியை வேண்டுமென்றே நெற்றிக்கு ஏற்றிவிட்டு எல்லாப் பாக்கெட்டிலும் தேடினேன். பஸ்ஸில் ஏறப் போனவர்கள் இறங்கி வந்தார்கள்! முன்னெல்லாம் நோட்டீஸை வாங்கி டிபன் பையில் திணித்துக்கொண்டு போகிறவர்கள் நின்று கேட்கிறார்கள். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், ஒருத்தியும் நகரவில்லை. "ஒரு நிமிஷம் தோழர்களே" என்றேன், "ஒரே நிமிஷம்!" என்று அவர்களே கோரஸாகக் கத்துகிறார்கள். அந்த ஆரவாரத்துக்கு நடுவில் பஸ் விஷயத்தை முழுசாகச் சொல்லி முடித்தேன்.

ஜவளகிரிப் பெண் ஒருத்தி இருக்கிறாள், முத்துமணி. அசெம்பிளி லைனில் கான்ட்ராக்ட் வேலை. அவள்தான் எல்லாருக்கும் முன்னால் நின்று, "அண்ணா, பூனைத் தோழரையும் கூப்பிடுங்க" என்று குரல் கொடுப்பாள். அவள் இருந்தால் கூட்டத்துக்கே உயிர் வந்துவிடுகிறது. இந்த வாரம் எச்.ஆர். மேனேஜரே கேட்டுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பஸ் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வருஷமாக அந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்ததில்லை.

எழிலரசி இன்னும் என்னென்ன செய்வாள், எழுதி அனுப்பு. இப்போது சனிக்கிழமை தவறாமல் பார்க்கிறேன்.

சீசன் விஷயம். அது உன் உழைப்பு, உன் சுதந்திரம். குறுக்கே நிற்பதற்கு நான் யார்? நீ எடுக்கும் எந்த முடிவுக்கும் நான் கட்டுப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் களி கிண்டுகிறேன். கட்டி கட்டியாக வருகிறது. நீ இருந்தால், சரி விடு.

திம்மப்பன்


சாலிகிராமம்
19-10-2024

ஏங்க,

எனக்கு மேக்கப் போடற பிரியா போனைத் தூக்கிக்கினு ஓடியாந்தா. "அக்கா, உன்னை மாதிரியே ஒருத்தர் ஒசூர்ல பண்றார் பாரு"ன்னா. எவளோ கேட்டில நின்னு எடுத்துப் போட்டிருக்கா. நீங்கதான். முதல்ல வயிறு வலிக்கச் சிரிச்சேன். அப்பறம் மறுபடி போட்டுப் பாத்தேன். அப்பறம் பாத்ரூம்ல போய் அழுதேன்.

அது நீங்க இல்லீங்க. அது நான். பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இடது கையால இடுப்புல ஒரு சொருகு சொருகறீங்களே, அது என்ன? பேண்ட்டு சட்டை போட்ட மனுஷன் முந்தானையை எதுக்குச் சொருகணும்? அது எழிலரசி சண்டைக்குப் போறப்ப பண்றது, நான் எங்க சித்திகிட்டேர்ந்து எடுத்தது. நான் உங்களைப் போட்டுக்கினேன். நீங்க என்னைப் போட்டுக்கினீங்க. அப்ப பாகலூர் கேட்டில நிக்கற திம்மப்பன் எங்க போனாரு? மூணு பாஷையில மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசிட்டு, யாரும் கேக்கலன்னாலும் மறுநாள் அதே எடத்துல போய் நிப்பாரே, அந்த ஆளைத்தான் நான் கட்டிக்கிட்டேன்.

கூட்டம் சேந்தது சந்தோஷம்தான். ஆனா சிரிப்புன்னா என்னன்னு எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைக் கூப்பிடறது சுலபம், "போ"ன்னா போகாது. எனக்கு டைரக்டர் "கட்"னு சொல்றாரு. உங்களுக்கு யார் சொல்வாங்க? இனிமே எழிலரசி பண்ற எதையும் எழுதி அனுப்ப மாட்டேன். கேக்காதீங்க.

அந்த சுதந்திரம். அதை மூணு ஷிப்டுக்கும் நோட்டீஸ் அடிச்சுக் குடுங்க, எனக்கு வேணாம். கையெழுத்துப் போடட்டுமான்னு கேட்டேன். கட்டுப்படறேன்னு எழுதறீங்க. நான் என்ன தாசில்தாரா? சமத்துவம் பேசற வீட்டுல எனக்கு என்ன வேணும்னு மட்டும் கேட்டீங்க, உங்களுக்கு என்ன வேணும்னு ஒரு நாளும் சொன்னதில்ல. சொல்லாம இருக்கறது ஏதோ பெரிய மனசுன்னு நினைச்சுக்கிட்டீங்க. அந்த களியைக்கூட "சரி விடு"ன்னு நிறுத்திட்டீங்க. நீ இருந்தால், அப்பறம்? அந்த வரியை முடிங்க.

ராத்திரியில நடக்கற பொண்ணுங்களை ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க. அம்மா சொல்லுச்சு, அந்தப் பக்கம் இந்த வருஷம் யானை சீக்கிரமே வந்துடுச்சாம்.

மேகலா


பாகலூர்
27-11-2024

மேகலா,

முத்துமணி செத்துவிட்டாள்.

போன வியாழக்கிழமை செகண்ட் ஷிப்ட் முடித்துத் தளியில் இறங்கியிருக்கிறாள். ஆட்டோ இல்லை. கூட வந்தவள் அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டாள். இவள் நடந்திருக்கிறாள். ராகிக் காட்டில் நின்ற யானை. அதற்குமேல் எழுத முடியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் கேட்டில் இரங்கல் கூட்டம் வைத்தோம். இரண்டு ஷிப்ட் பெண்களும் நின்றார்கள். அவள் அப்பா நாராயணப்பன் வந்திருந்தார், ஜவளகிரியில் ராகி போடுகிறவர், கன்னடம்தான் பேசுவார். துண்டை வாயில் திணித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். பேசும்படி என்னைச் சொன்னார்கள். முன்னால் வந்தேன். அவள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. பேச வாயெடுத்தேன். என் இடது கை தானாகப் போய் இடுப்பில் சொருகியது.

நான் செய்யவில்லை மேகலா. சத்தியமாக நான் செய்யவில்லை. கை செய்துவிட்டது.

எங்கேயோ ஒருத்தி களுக் என்றாள். அப்புறம் பக்கத்தில் ஒருத்தி. அப்புறம் மொத்தக் கூட்டமும். அழுதுகொண்டே சிரிக்கிறார்கள், துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள், நிறுத்த முடியாமல் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொள்கிறார்கள். நாராயணப்பன் துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாக்கே நக்தாரே?" என்றார். ஏன் சிரிக்கிறார்கள்? கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். நான் பதில் சொல்லாமல் கூட்டத்தை விட்டு நடந்து வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் கேட்டுக்குப் போகவில்லை. கடையும் திறக்கவில்லை. சங்கத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன், இனிமேல் நான் பேச மாட்டேன் என்று. இருபது வருஷமாகப் பேசியதற்கு இதுதான் பலன். நீ எச்சரித்தாய். நீ இப்போது பக்கத்தில் இருக்க வேண்டும் போல இருக்கிறது. எதுவும் பேச வேண்டாம், சும்மா இரு.

தி.


சாலிகிராமம்
1-12-2024

ஏங்க,

இன்னிக்கு ஷூட்டிங்ல நாலு தடவை டேக் எடுத்தும் எனக்கு வசனம் வரல. உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு ரூமுக்கு வந்துட்டேன். அந்தப் பொண்ணு மூஞ்சி எனக்குத் தெரியாது. ஆனா உங்க வீடியோவுல முன்னால நின்னு கத்தற குரல் ஒண்ணு கேட்டுச்சே, அதான் அவளா? பூனைத் தோழர்னு? அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கினு இருக்கேன்.

உடனே கிளம்பி வந்துடலாம்னு பையெல்லாம் எடுத்தேன். அப்பறம் வெச்சுட்டேன். நான் வந்தா நீங்க என் மடியில படுத்து அழுவீங்க, நானும் அழுவேன், ரெண்டு பேருக்கும் ஆறிடும். அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி மட்டும் அங்கயே நிக்கும்.

திட்டறேன்னு நினைச்சுக்காதீங்க, திட்டத்தான் போறேன். உங்களுக்கு மானம் போச்சு, அதனால கதவைச் சாத்திக்கிட்டீங்க. அந்தாளுக்குப் பொண்ணே போச்சு, அவரு கேட்டில வந்து நின்னாரு. அவரு உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. மூணு பாஷை பேசற மனுஷன் ஒரு பாஷையில பதில் சொல்லாம வந்துட்டீங்க. பஸ் இன்னும் தளியிலதானே நிக்குது? இன்னிக்கும் பொண்ணுங்க நடக்கறாங்கதானே?

ஜவளகிரிக்குப் போங்க. அவர் வீட்டுக்குப் போய் உக்காந்து ஏன் சிரிச்சாங்கன்னு சொல்லுங்க. அடிச்சாருன்னா வாங்கிக்குங்க.

நீங்க ஒழுங்கா சாப்பிடறீங்களா? பாய் கடையிலேர்ந்தாவது வாங்கித் தின்னுங்க.

மேகலா


பாகலூர்
15-12-2024

மேகலா,

போனேன்.

இரண்டு தடவை தளி வரை போய்த் திரும்பி வந்தேன், மூன்றாவது தடவைதான் போய்ச் சேர்ந்தேன். நாராயணப்பன் களத்தில் ராகி காய வைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். வீட்டுக்காரம்மா மோர் கொடுத்தாள். கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தேன்: டிவியில் ஒரு பெண் வருகிறாள், என்னை மாதிரி நடிக்கிறாள், நான் அவளை மாதிரி நடித்தேன், கூட்டம் சேரும் என்று செய்தேன், அன்றைக்கு என் கை தானாகச் செய்துவிட்டது, அவர்கள் உங்கள் மகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சொல்லச் சொல்ல எனக்கே ஒரு மண்ணும் புரியவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அந்தப் பெண்ணைக் காட்டு என்றார்.

போனில் போட்டுக் காட்டினேன். லிப்ட் எபிசோடு. முழுசாகப் பார்த்தார். நீ முந்தானையைச் சொருகிக்கொண்டு படியிறங்கும் இடம் வந்ததும் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் தலையோடு தலை இடிக்கக் குனிந்து பார்த்தார்கள். பிறகு அந்த அம்மா, "இவளா அது!" என்று சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள்.

முத்துமணி தினமும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் இதைச் செய்து காட்டுவாளாம். துப்பட்டாவை இடுப்பில் சொருகிக்கொண்டு, மாட்டைத் தோழர் என்று கூப்பிட்டு, அப்பாவின் கண்ணாடியை எடுத்து நெற்றியில் ஏற்றிக்கொண்டு. அவர்கள் வீட்டில் டிவி இல்லை. யாரோ டீச்சரைப் போல நடிக்கிறாள் என்று நினைத்து இவர்களும் சிரிப்பார்களாம். இப்போதுதான் அது யார் என்று தெரிந்ததாம். இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். போட்டேன். மூன்று பேரும் பார்த்தோம்.

"இந்தம்மா யாரு?" என்றார். என் மனைவி என்றேன். "எங்கே இருக்கிறாள்?" சென்னையில் என்றேன். "யாக்கே?" என்றார். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை அவரே கேட்டுக்கு வந்தார். நான் ஓரமாக நின்றேன். அவர் கன்னடத்தில் பேசினார். என் மகள் வீட்டுக்கு வந்தால் எங்களைச் சிரிக்க வைப்பாள், நீங்கள் சிரித்தது தப்பில்லை, பஸ்ஸை எங்கள் ஊருக்கு விடச் சொல்லுங்கள், என்று அவ்வளவுதான் சொன்னார். நான் தமிழில் சொல்லவில்லை, தெலுங்கில் சொல்லவில்லை. எல்லாருக்கும் புரிந்தது. பெண்கள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஷிப்டுக்கு உள்ளே போக வேண்டியவர்களும் உட்கார்ந்தார்கள். மறுநாள் மத்தியானம் கம்பெனி இறங்கி வந்தது. இந்த வாரத்திலிருந்து பஸ் ஜவளகிரி வரை போகிறது. முதல் நாள் நாராயணப்பன் ஊர் முனையில் நின்று பார்த்தாராம்.

நான் சங்கத்துக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பேசுகிறேன், ஆனால் சுருக்கமாக. மூக்கை உறிஞ்சுவதை விட முடியவில்லை.

பொங்கல் நெருங்குகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டாயா?

திம்மப்பன்


சாலிகிராமம்
28-12-2024

ஏங்க,

உங்க கடுதாசியைப் பிரியாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பாதியில அவ அழுவ, மீதியை நான் அழுவ, ஹாஸ்டல் அம்மா வந்து என்னாச்சு என்னாச்சுன்னு கேக்க, ஒரே ரகளை. நான் சும்மா நம்ம வீட்டு ஞாபகத்துல பண்ணது ஜவளகிரியில ஒரு வீட்டுக்குள்ள போய் சிரிப்புக் காட்டியிருக்கு. அதைக் கேட்டு சந்தோஷப்படறதா என்னன்னே தெரியல.

போட்டுட்டேன்.

கோவமா? இருங்க, சொல்றேன். புது சீசன்ல எழிலரசி பில்டர்கிட்ட பணம் வாங்கிக்கிட்டு வாயை மூடிக்கற மாதிரி எழுதிக் கொண்டாந்தாங்க. அது வராதுன்னேன். ஏன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச எழிலரசி பூனைகிட்டகூட எதுவும் வாங்க மாட்டான்னேன். ரெண்டு நாள் சண்டை. மாத்தி எழுதினாங்க, அப்பறம்தான் போட்டேன். அவ இன்னும் கேணத்தனமா ஏமாறுவா, எல்லாரும் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். ஆனா விலைபோக மாட்டா. அது என்னால ஆனது.

இன்னொண்ணு. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குங்க. இத்தனை நாளா உங்ககிட்ட அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சம், ஏதோ தப்புப் பண்ற மாதிரி. லைட்டுப் போட்டு கேமரா ஓடினா எனக்கு உசுரு வருது. இதை விட்டுட்டு வந்தா வீட்டுல இருப்பேன், ஆனா நல்லா இருக்க மாட்டேன்.

நீங்க கையெழுத்துப் போட்டியான்னு கேட்டீங்க. போடாத, எனக்கு நீ வேணும்னு கேக்கல. கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும். யாக்கேன்னு அந்தப் பெரியவர் கேட்டாரே, நீங்க அவர்கிட்ட சொல்ல முடியாததை நான் சொல்றேன். நான் சென்னையில இருக்கறது நடிக்கறதுக்கு. நீங்க பாகலூர்ல இருக்கறது சங்கத்துக்கு. ரெண்டும் சரிதான். நடுவுல பஸ் ஓடுது. ஒசூர்லேர்ந்து சென்னைக்கு நாள் பூரா பஸ் ஓடுது. ஊருக்கே பஸ் கேட்டு வாங்கிக் குடுத்த மனுஷன், ஒரு நாள் ஒரு பஸ் ஏறி என்னைப் பாக்க வரல. ஒவ்வொரு லீவுக்கும் நான்தான் வந்தேன். வந்தா நீங்க மீட்டிங்குக்குப் போயிருப்பீங்க, பூட்டைத் திறந்து நானே உள்ள போவேன்.

இந்தப் பொங்கலுக்கு நான் வரல. இனிமே எழுதவும் மாட்டேன். கோவத்துல சொல்லல. எழுதி எழுதியே நாம குடும்பம் நடத்திடுவோமோன்னு பயமா இருக்கு.

உடம்பைப் பாத்துக்குங்க.

மேகலா


போரூர், சென்னை
10-1-2025

மேகலா,

நீ ஷூட்டிங் பண்ற வீட்டுக்கு எதிர்ல ஒரு டீக்கடை இருக்கே, அங்க உக்காந்து எழுதறேன். கடைக்காரர்கிட்ட பில் புக்குல ரெண்டு தாள் கிழிச்சுத் தரச் சொன்னேன். சாலிகிராமம் போய் உன் ஹாஸ்டல் அம்மாகிட்ட இந்த எடத்தைக் கேட்டுக்கினு வந்தேன். இந்த ஊர்ல எந்தப் பஸ்ஸு எங்க போவுதுன்னு ஒருத்தரும் ஒழுங்கா சொல்ல மாட்டேங்கறாங்க.

வாட்ச்மேன் யாரைப் பாக்கணும்னாரு. மேகலாவைன்னேன். அப்படி யாரும் இல்லன்னாரு. எழிலரசின்னேன். "ஓ, ரசிகரா? செல்பி எல்லாம் சாயங்காலந்தான்"னாரு. "இல்லீங்க, நான் அவங்க வீட்டுக்காரர்"ன்னேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியல. "அந்தம்மாவை எவன்யா கட்டுவான்? கட்டினா வீட்டுக்குள்ளயே உண்ணாவிரதம் இருப்பாளே"ன்னாரு. கட்டினவன் நான்தான்னு மறுபடி சொன்னேன். நம்பல. டிவியில வர்ற போராட்டக்காரிக்குப் புருஷனே இருக்க மாட்டானாம், அவருக்கு அது நிச்சயமாத் தெரியுமாம். வேற எதாவது நல்ல பொய்யா சொல்லுங்கன்னு எனக்கு ஐடியா வேற குடுத்தாரு. எனக்குக் கோவமே வரல. உன்னைக் கட்டினவன் நான்னு இன்னும் பத்துப் பேர்கிட்ட சொல்லணும் போல இருந்துச்சு. டீக்கடைக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன். அவரும் நம்பல.

உள்ளேர்ந்து சிரிப்புச் சத்தம் வருது. நடு நடுவுல உன் குரல் கேக்குது. என்ன பேசறன்னு தெரியல, ஆனா உன் குரல்தான்.

சங்கத்துல லீவு சொல்லிட்டேன். மூணு நாள் மீட்டிங்கை பஷீர் பாய் கடையில வெச்சு மத்தவங்க பாத்துக்குவாங்க. இதுல கோரிக்கை எதுவும் இல்ல. உன் விருப்பம்னு எழுதிட்டு அடிச்சுட்டேன், அந்தக் கிறுக்கல் அதான். எனக்கு உன்னைப் பாக்கணும். நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கல. நீ போன அன்னிக்கே பிடிக்கல. போகாதன்னு சொன்னா நான் பேசின பேச்செல்லாம் பொய்யாயிடும்னு பயந்துட்டேன். நீ நடி. இன்னும் பத்து சீசன் நடி. நான் மாசம் ரெண்டு தடவை வரேன், இந்த டீக்கடையிலயே உக்காந்திருக்கேன். ஆனா எனக்கு நீ வேணும்.

இந்தத் தாளை அந்த வாட்ச்மேன்கிட்டயே குடுத்து அனுப்பறேன். ரசிகர் கடுதாசின்னு சொன்னா வாங்கிக்கறேன்னாரு.

எவ்வளவு நேரமானாலும் இங்கயே இருக்கேன். பொட்டைக் கலைச்சுட்டு, சேலையை மாத்திக்கினு வரணும்னு இல்ல. எழிலரசியாவே வெளிய வா. அந்த ஆளு பாக்கட்டும்.

திம்மப்பன்